சொன்னவர் யார்?



‘வதந்தி’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அது வடமொழிச் சொல். அம்மொழியில் அதற்குச் ‘சொல்கிறார்கள்’ என்பதே பொருள். சொல்கிறவர் எவர், கண்டவர் எவர் என்பதற்கு அச்சொல்லிலே விடை இல்லை. எழுவாய் இல்லாத பேச்சே வதந்தி.

ஆகவே, வதந்தி வேறு, பொய் வேறு. இன்னும் ஆராயப்படாத செய்தி என்பதே அதன் பொருள். ஆராயாமல் நம்புவது ஒரு குற்றம். ஆராயாமல் தள்ளுவது மற்றொரு குற்றம். அதிகாரத்தில் உள்ளோர் தமக்கு ஒவ்வாத உண்மையையும் ‘வதந்தி’ என்று மூடிவிடுவதுண்டு.

இந்நாட்டில் இச்சொல் எத்தனை உயிர்களைக் குடித்திருக்கின்றது! 1958 மே மாதத்தில், பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் கொல்லப்பட்டார் என்று கதை பரவிற்று. விசாரித்தபோது அப்படி ஓர் ஆசிரியை அங்கே இருந்ததேயில்லை எனத் தெரிந்தது. ஆனால் பாணந்துறையிலே கோயில் அர்ச்சகர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். 1983 யூலை 29ஆம் திகதி, ‘புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு எழுந்தது. ஓய்ந்துவந்த கொலைவெறி மீண்டும் மூண்டது. 2018இல் அம்பாறையில், முஸ்லிம் உணவுக்கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்றார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதை வெறும் மாவுக்கட்டி என்று கண்டறிந்தார். அதற்கு முன்னரே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன.

இவற்றைச் சொல்லிப் பிறரை மட்டும் நோவது நேர்மையன்று. அயலவரைப் பற்றிக் காதில் விழுந்ததை அப்படியே பரப்பும் வாய் நம்மிடமும் உண்டு. கைத்தொலைபேசி வந்தபின் அவ்வாய்க்கு இறக்கையும் முளைத்துவிட்டது.

இதற்கு மருந்து புதியதன்று. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், கண்ட செய்தியைக் கண்டவரே வந்து சொல்லவேண்டும் என்கின்றது. நீதிமன்றத்தில் இதை வற்புறுத்தும் நமது வழக்கறிஞர், வீட்டு விறாந்தையிலும் அதைக் கைக்கொள்ளட்டும். விதைநெல்லை நீரிலிட்டுப் பதரை நீக்கியே கமக்காரர் விதைக்கின்றார். செவியில் விழும் சொல்லையும் நாம் அவ்வாறே சோதிப்போம். கண்டவர் யார்? எங்கே கண்டார்? எப்போது கண்டார்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அச்செய்தி நம் வாயைத் தாண்டலாகாது.