கையில் இருக்கும் நான்கு மணி நேரம்



'மகள் கல்யாணம் முடியட்டும்', 'வீட்டுக் கடன் அடையட்டும்', 'ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்' என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயாமல் கேட்கிறது. நிலையாமை பற்றித் தமிழில் உள்ள நூல்களை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதனால் அவற்றைத் திரும்பச் சொல்லாமல், இன்று வலி தணிப்பு மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்றைய நாளை வாழ நோயாளிக்கு எப்படி உதவுவது என்பதையே தொழிலாகக் கொண்ட துறை அது.

1948-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வயது 40. சொந்தபந்தம் அருகில் இல்லை. சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ் அவரிடம் போய்ப் பேசிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பேச்சில் வந்தது. அந்த இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 500 பவுண்டை டாஸ்மா எழுதிவைத்தார். அதன்பின் சாண்டர்ஸ் மருத்துவம் படித்து, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார்.

அங்கே மருந்து கொடுத்த முறையைக் கவனியுங்கள். அக்கால மருத்துவமனைகளில் பெரும்பாலும், வலி தாங்காமல் நோயாளி கேட்ட பிறகுதான் ஊசி போடுவது வழக்கம். அப்படிப்பட்டவருக்கு நினைப்பெல்லாம் அடுத்த ஊசியில்தான் இருக்கும். பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் கண் கடிகாரத்தைத்தான் பார்க்கும். சாண்டர்ஸ், வலி திரும்பும் முன்பே, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் போன்ற வலி மருந்தை வாய்வழி கொடுக்கச் செய்தார். அந்த நான்கு மணி நேரம் நோயாளிக்கே சொந்தமாயிற்று. சாப்பிடலாம், கடிதம் எழுதலாம், சண்டை போட்ட தம்பியைக் கூப்பிட்டு அனுப்பலாம்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014-இல்தான் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது. இதற்கிடையிலும் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய சிறு முயற்சி கேரளம் முழுக்கப் பரவியது. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் என அக்கம்பக்கத்தார் வாரத்தில் இரண்டொரு மணி நேரம் ஒதுக்கி நோயாளிகளின் வீடு தேடிப் போனார்கள். 2008-இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது.

ஆனால் மருந்தால் தீராத ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. நோய் தீராது என்று தெரிந்ததும், 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்' என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனாலும் அது கொடுமை என்பதே என் முடிவு. குணமாகிவிடும் என்று நம்பியே அவர் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்: பார்க்க நினைத்த ஊரை, பிரிக்க வேண்டிய சொத்தை, மனைவியிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை. 'தேறட்டும், பார்க்கலாம்' என்பதும் 'ரிட்டயர் ஆகட்டும், பார்க்கலாம்' என்பதும் ஒரே பேச்சுதான். நோயாளிக்கு மருத்துவர் இன்னும் இத்தனை நாள் என்று ஒரு கணக்குச் சொல்லக்கூடும். நமக்கு அதுவும் கிடையாது.

செவிலியர் கல்லூரி மாணவ மாணவியரே, நாளை நீங்கள் வார்டுக்குப் போவீர்கள். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் குறித்த பிறகு, 'ஐயா, இன்னைக்கு உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமும் அதைக் கேளுங்கள்.