ஏழாம் தலைமுறையின் ஊர்

ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு முதல் வணக்கம். நம் மூதாதையரின் ஊரைத் தேடும் இந்த மாநாட்டுக்கு வேண்டிய சான்றுகளில் பாதி உங்கள் நினைவில்தான் இருக்கிறது.

1960இல் பிறந்த ஒருவர் தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று பின்னோக்கி எண்ணினால், ஏழாம் தலைமுறையில் 1780ஐத் தொடுவார். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய 1820களில் அந்த மூதாதைக்கு நாற்பது வயது கடந்திருக்கும். அவர் கடல் தாண்டியிருக்க வாய்ப்புக் குறைவு. கடலோரக் குடும்பங்களுக்கு ஒல்லாந்தர் எழுதிய தோம்பு என்னும் பதிவேடுகள் உண்டு. தோட்டத்து மக்களான நமக்கு அவை உதவா. நாம் தேடுபவர் இராமநாதபுரத்திலோ, புதுக்கோட்டையிலோ, திருச்சி, சேலம் பக்கத்திலோ மண்ணோடு மண்ணானவர்.

மொரீஷியசுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர், ஊர், தந்தை பெயர், வயது எல்லாம் பதிவேட்டில் ஏறின. அந்த ஆவணங்களை அங்கே மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகிறது. நம்மவர்கள் ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியின் பின்னால், பெரும்பாலும் அத்தகைய ஒப்பந்தம் இல்லாமல் வந்தவர்கள். கையில் இருந்தது கடனைச் சுமந்த 'துண்டு' என்ற சீட்டு. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. துண்டுத் தாள்களும் கங்காணிக் கணக்குகளும் பெரும்பாலும் கறையானுக்குப் போயின.

அப்படிப்பட்ட மக்களிடம்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பரம்பரையை நிரூபிக்கச் சொன்னது. தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத குற்றத்துக்கு நாடே இல்லாமல் போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பத்தாண்டு தள்ளிப் போட்டது. ஆகவே மூதாதையைத் தேடுவது நமக்குப் பொழுதுபோக்கு அன்று.

கிடைக்கும் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'திருச்சி ஜில்லா' என்று எழுதியிருந்தால் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூரிலும் தேட வேண்டும். 'இராமநாதபுரம்' என்றால் 1985இல் அதிலிருந்து பிரிந்த சிவகங்கையும் விருதுநகரும் அதில் அடங்கும். புதூர்கள் எத்தனை, நல்லூர்கள் எத்தனை! பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இருவர் இருப்பர். இருவரையும் ஒருவராக்கினால் அறுபது ஆண்டு காணாமல் போகும்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? குலதெய்வத்தை. பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புதிய இடத்தில் கோயில் எழுப்புவது நம் மரபு. சாமியின் பெயர் ஊரைக் காட்டக்கூடும். அதே சாமியைக் கும்பிடும் பங்காளிகள் கிளையைக் காட்டுவார்கள். எங்கள் ஊரின் பெயரை நான் முதலில் கேட்டது எந்தப் பத்திரத்திலும் அன்று. என் அப்பாயி இறந்த அன்று தோட்டத்து லய வீட்டு வாசலில் பெண்கள் வைத்த ஒப்பாரியில்.

ஆனாலும் பாசம் சான்றாகிவிடாது. குலதெய்வம், பங்காளி முறை, ஏதேனும் ஒரு தாள் என்று மூன்றும் ஓர் ஊரையே காட்டினால் 'இதுவாக இருக்கலாம்' என்று எழுதுவோம். இரண்டே இருந்தால் காத்திருப்போம். பொய்யான பாட்டனைவிட, இன்னும் கிடைக்காத பாட்டன் மேல்.

மாணவர்களே, ஒரு வேண்டுகோள். பலாங்கொடையோ, இறக்குவானையோ, யட்டியாந்தோட்டையோ, தெரணியகலையோ, உங்கள் தோட்டத்தில் மிக மூத்தவர் யார் என்று கேளுங்கள். இந்த வாரமே அவர் முன் உட்காருங்கள். சாமி பெயர், ஊர்ப் பெயர், உறவு முறை மூன்றையும் அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி, தேதியும் போடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய பற்றுச்சீட்டை எரிக்காதீர்கள். காகிதம் பொடிந்தாலும் படி எடுத்து வைக்கலாம். அந்தப் பெரியவர் போய்விட்டால் அவர் நினைவுக்குப் படி கிடையாது.

இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.