சமதானி: ஒரு பெண் வைத்தியர் தந்த பெயர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



குப்பி விளக்கில் உயர்தரம் படித்தவர்கள் நாங்கள். சமதானியின் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கினோம், புள்ளியும் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்தது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. 1913 இல் கிளாஸ்கோவில் ஒரு விருந்து. ஒரே மூலகத்துக்கு வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் இருப்பதைப் பிரெடரிக் சொடி விளக்கினார். அங்கிருந்த மார்கிறெற் ரொட் என்ற பெண் வைத்தியர் ‘ஐசோரோப்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கொடுத்தார். ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடம் என்று பொருள். சம தானம், சமதானி. எங்கள் பாடநூற் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! இலங்கைத் தோரைற்றுக் கல்லிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமானது என்று சொடி பின்னர் காட்டினார். சமதானிகள் உண்டென்பதற்கு ஆரம்பகாலச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

இன்று மனிதர் போகமுடியாத ஆழத்தின் செய்தியைத் தருவதும் சமதானி அளவீடுதான். ரஷ்யாவின் கோலாவில் தோண்டிய துளை 12 கிலோமீற்றருடன் நின்றுவிட்டது. மான்டில் படையோ 2,900 கிலோமீற்றர் வரை இறங்குகிறது. அங்கிருந்து வந்த எரிமலைக் கல்லில் அகப்பட்ட ஈலியத்தை அளக்கிறார்கள். வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் குளிர்விப்பது ஈலியம்-4. யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டானது. ஈலியம்-3 அப்படியன்று. பெரும்பகுதி பூமி உருவானபோதே உள்ளே அகப்பட்டது. புதிதாக உண்டாவது மிகச் சொற்பம். ஈலியம்-4 உடன் அதன் விகிதம், கடலடி முகடுகளின் கல்லில் வளியிலுள்ளதைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு. ஹவாய், ஐஸ்லாந்துக் கற்கள் சிலவற்றில் 30 மடங்குக்கும் மேல். அப்படியானால் மான்டில் ஒரே சீராகக் கலந்துவிடவில்லை. 450 கோடி ஆண்டுப் பழைய வாயு ஆழத்தில் எங்கோ மிஞ்சியிருக்கிறது. மான்டிலின் அடியிலா, அதற்கும் கீழே அகணியிலா என்ற விவாதம் தொடர்கிறது.

எங்கள் வகுப்பில் வைத்தியர்கள் பலர். புவிச்சரிதவியல் படித்தவர் ஒருவருமில்லை. பேராதனையில் அதற்கொரு துறை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வீட்டில் விட்டிருப்பார்களா? “கல்லுப் பொறுக்கப் போறியோ?” என்று அம்மாமார் கேட்டிருப்பார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் கேட்டால் நாங்களும் அதையே சொல்லிவிடுவோமோ என்று பயமாயிருக்கிறது.

எங்கள் வகுப்பின் அன்பளிப்பாக விஞ்ஞானகூடத்துக்கு ஒரு கற்தொகுதி தருகிறோம். ஆனந்த குமாரசுவாமி சப்பிரகமுவவில் கண்டெடுத்து 1904 இல் உலகறிந்த, ஈலியம் நிறைந்த தோரியனைற்று அதில் இல்லை. கதிர்வீசும் கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வைத்தியர்களாகிய நாங்கள் சம்மதிக்கவில்லை. மற்றவற்றைத் தொட்டுப் பாருங்கள், தங்கைமாரே.