எண்ணெய்க் கிணறும் இயந்திரக் கையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



2011ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். யப்பானின் 'சிக்யூ' என்னும் கப்பலே அக்கிணறுகளைத் துளைத்தது. கடலடியில் துளையிடும் குழாய்களை யார் தூக்குகிறார்கள், யார் பூட்டுகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

துளையிடும் குழாய் ஒன்று 9 மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமானது. அதன் நிறை பெரும்பாலும் கால் தொன்னுக்கு மேல். பொதுவாக மூன்று குழாய்களை ஒன்றாகப் பூட்டிக் கோபுரத்தில் நிறுத்தி வைப்பார்கள். 3,000 மீற்றர் ஆழத்தில் துளைமுனை மழுங்கினால், முந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்களை மேலே இழுத்து, மும்மூன்றாகக் கழற்றி, முனையை மாற்றி, மீண்டும் பூட்டி இறக்க வேண்டும்.

முன்பு இவ்வேலை மனிதக் கைகளாலேயே நடந்தது. தளத்தில் நின்றவர்கள் குழாயில் சங்கிலியைச் சுற்றி இழுத்துச் சுழற்றினர். பெரிய இடுக்கிகளால் இறுக்கினர். மேலே, 25 மீற்றர் அளவு உயரத்தில், சிறு பலகைத் தட்டில் நின்ற ஒருவர் குழாயின் தலையை எட்டிப் பிடித்தார். கீழே சேறு வழுக்கும். மிதக்கும் மேடையாயின் கடலும் அசைக்கும். சங்கிலியில் அகப்பட்டு விரல்களை இழந்தோர் பலர்.

1970களில், பூட்டிக் கழற்றும் இயந்திரம் வந்தது. 1980களில், கோபுரத்தில் தொங்கியவாறே குழாயைச் சுழற்றும் மோட்டார் வந்தது. பின்னர் குழாயைத் தூக்கி அடுக்கும் இயந்திரக் கைகளும் வந்தன. வட கடலில் எண்ணெய் எடுக்கும் நோர்வே, குழாய்களைத் தொலைவிலிருந்து கையாளுவதை விதியாகவே ஆக்கியது. இன்றைய புதிய மேடைகளில், கண்ணாடி அறைக்குள் இருக்கும் ஒருவர் திரைகளைப் பார்த்தபடி இவற்றை இயக்குகிறார்.

ஆனால், ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. பாரமான இயந்திரக் கை தன் பாதையில் நிற்கும் மனிதரைத் தானாக அறியாது. உயரத்தில் உள்ள இயந்திரத்திலிருந்து கழன்று விழும் ஓர் ஆணியும் உயிரைப் பறிக்கலாம். இயந்திரம் இடையில் நின்றுவிட்டால், அதைத் திருத்த மனிதரே உள்ளே போகவேண்டும். அதனாற்றான் இயந்திரங்கள் இயங்கும் இடத்தைச் 'சிவப்பு வலயம்' என வகுத்து, ஆட்கள் நுழைவதைத் தடுக்கிறார்கள். கைகளின் தேவை குறைந்தபோது, தளத்தில் நின்று உழைத்தோரின் வேலைகளும் குறைந்தன என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

தங்கைமாரே, தோள் வலிமை வேண்டும் என்று சொல்லிப் பெண்களுக்கு மூடப்பட்டிருந்த வேலை இது. இன்று அது பௌதிகவியல் அறிவையும் நிதானத்தையும் கேட்கிறது. நாளை உங்களில் ஒருத்தி இத்தகைய இயந்திரமொன்றை வரையும்போது, அது எவ்வளவு வேகமாக இயங்கும் என்று கணிப்பதற்கு முன், அது பழுதானால் திருத்தப் போகிறவர் எங்கே நிற்பார் என்று கேட்டுப் பாருங்கள்.