கல்லும் கரியும் நம் மடமையும்

(வடலூரில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கல்லைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரன் கல்லைப் பற்றிப் பேச வந்தால் சாமியைத் திட்டத்தான் வந்திருப்பான் என்று சிலர் எழுந்து போகப் பார்ப்பார்கள். அவர்கள் தாராளமாக உட்காரலாம். நம் காலடியில் கிடக்கும் கல்லையும், நம் விரலில் ஏறியிருக்கும் கல்லையும் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேசப் போகிறோம்.

இவ்வூரில் 1867-ஆம் ஆண்டு இராமலிங்க அடிகள் தருமச்சாலை கண்டு ஏற்றிவைத்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதை அற்புதம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். ஆனால் அவ்வடுப்பு அணையாததற்குக் காரணம், யாரோ ஒருவர் வேளை தவறாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான். விறகு எரிவது அதிலுள்ள கரியினால். அதே கரிதான் பக்கத்தில் நெய்வேலியில் பூமிக்கடியில் பரந்து கிடக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் மரமாக நின்றதுதான்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டொரு வார்த்தை தெரிந்தால் போதும். முதலாவது கனிமம். இயற்கையில் தானே உண்டாகி, திடமாக இருந்து, இன்ன பொருள்கள் இன்ன வகையில் சேர்ந்தது என்ற கணக்குக்கு உட்பட்டு, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது கனிமம். நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ் ஒரு கனிமம். காக்காப்பொன் என்னும் அப்பிரகம் ஒரு கனிமம். இரண்டாவது பாறை. கனிமங்கள் சேர்ந்தால் பாறை. கனிமத்தைப் பூ என்றால் பாறையைக் கதம்பம் எனலாம். ஒரே பூவைக் கட்டிய சரமும் இருப்பதுபோல, பெரும்பாலும் ஒரே கனிமத்தாலான சுண்ணாம்புக்கல் போன்ற பாறையும் உண்டு. உலோகத்தை லாபகரமாகப் பிரித்தெடுக்கக்கூடிய கனிமத்தையோ பாறையையோ தாது என்கிறோம்.

பாறை மூன்று வகை. உருகிய குழம்பு ஆறி இறுகியது அனற்பாறை. மணலும் சேறும் சிப்பியும் தழையும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது படிவுப் பாறை. இவ்விரண்டும் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து வேறு உருவம் அடைந்தால் உருமாறிய பாறை. நிலவியல் என்னும் சாஸ்திரத்தின் அரிச்சுவடி இவ்வளவுதான்.

நான்காவது வகையாகத் தெய்வப் பாறை என்று ஒன்று இல்லை. ஒரே கருங்கல்லில் வாயிற்படியும் வெட்டுகிறோம், ஆட்டுக்கல்லும் கொத்துகிறோம், சாமியும் செதுக்குகிறோம். படியின்மேல் எல்லோரும் கால் வைக்கலாம். உள்ளே இருப்பதைச் செதுக்கியவனே தொட்டால் தீட்டு என்கிறார்கள். இரண்டு துண்டையும் உடைத்துப் பார்த்தால் அதே கனிமங்கள்தான் இருக்கின்றன. தீட்டு என்ற கனிமம் இதுவரை எந்தச் சோதனைச்சாலையிலும் அகப்படவில்லை.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்கம் என்பவருடைய நிலத்தில் ஆழக்கிணற்று ஊற்றுத் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ பொங்கி வந்தது. (1929 செங்கல்பட்டு மாநாட்டுத் தீர்மானப்படி அவருடைய ஜாதிப் பட்டத்தை நாம் சொல்லவில்லை.) அதைக் காளியின் கோபமென்று ஒரு பூசாரி சொல்லி, ஆட்டை வெட்டிக் கிணற்றை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி நடக்காமல் ஆராய்ச்சி நடந்தது. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையார் துளையிட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி என்று காட்டினார்கள். 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் ஓடிற்று.

இக்கரி எப்படி உண்டாயிற்று? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பக்கம் சதுப்புக் காடாக இருந்தது. விழுந்த மரமும் தழையும் காற்றுப் புகாத நீரில் முழுதும் மக்காமல் கிடந்தன. மேலே மணலும் களியும் ஏறி அமுக்கிற்று. முதலில் முற்றாத கரிச்சேறு, பிறகு பழுப்பு நிலக்கரி, இன்னும் அழுந்தி வெந்தால் கறுப்பு நிலக்கரி என்பது வரிசை. நெய்வேலிக் கரி இன்னும் இளசு. வெட்டியெடுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதற்கு அடியில் பெரிய நீரூற்று ஒன்று மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது; அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது.

அக்கரிக்கு மேலே போர்வையாகக் கிடக்கும் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். அதே பாறை வரிசை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் உண்டு. அங்கே சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்தன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா நாருக்கு நார் புகுந்து மரத்தைக் கல்லாக்கிவிட்டது. 1940 முதல் அரசாங்கம் அதைத் தேசியப் பூங்காவாகக் காத்து வருகிறது. இங்கே மரம் கரியாயிற்று. அங்கே மரம் கல்லாயிற்று. நம் புராணக்காரர்கள் என்ன சொன்னார்கள்? சாமி கொன்ற அசுரனின் எலும்பு என்றார்கள்! எலும்பில் ஆண்டு வளையம் எப்படி வந்தது, கிளை வெட்டிய முடிச்சு எப்படி வந்தது என்று ஒருவனாவது கேட்டானா?

தோழர்களே! இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடந்தானே, இதற்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இச்சுரங்கத்துக்காகச் சுற்றுக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரம் ஏறியதை நாடே பார்த்தது. நிலம் போன வீட்டுக்கு இழப்பீட்டுப் பணம் வருகிறது. பணத்துக்குப் பின்னாலேயே ஜோசியன் வருகிறான். "உங்களுக்குச் சனி பார்வை, நீலக்கல் போடு, பையனுக்குச் சூரியன் பலமில்லை, மாணிக்கம் போடு" என்கிறான். காலடியில் இருந்த கல்லைக் கொடுத்துவிட்டு விரலுக்குக் கல் வாங்குகிறோம். இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன வேண்டும்?

அந்த ராசிக்கல்லின் யோக்கியதையைப் பார்ப்போம். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனிமம். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சூரியனுக்கும் சனிக்கும் தீராப் பகை என்கிறான் ஜோசியன்; கல்லில் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கிறார்கள்! வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் வெளியிட்டுவிட்டார். அதில் சூரிய பகவான் எந்தக் குழாய் வழியாக நுழைந்தார்? செவ்வாய்க்குப் பவளம், சந்திரனுக்கு முத்து என்கிறான். இரண்டும் கடற்பிராணி உண்டாக்கியவை. சுண்ணாம்புக்குச் சுடுகிற கிளிஞ்சலும் அவையும் பெரும்பாலும் ஒரே சரக்கு. சுக்கிரனுக்கு வைரமாம். வைரத்தை எரித்து, அது வெறும் கரியே என்று 1797-இல் டென்னன்ட் என்பவர் காட்டிவிட்டார். அது நிலக்கரி முற்றி உண்டானதல்ல, பூமியின் மிக ஆழத்தில் உண்டானது. ஆனாலும் சரக்கு கரிதான். வைரத்தால் அதிர்ஷ்டம் வருமானால், கரிமேல் உட்கார்ந்திருந்த நம் கிராமத்தானுக்கு ஏன் வரவில்லை?

"மன நிம்மதிக்காகப் போட்டுக்கொள்கிறார்கள், உமக்கென்ன?" என்பார்கள். பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தைக் கொடுத்து வாங்குகிற நிம்மதி எப்படிப்பட்ட நிம்மதி? விற்றவனுக்குத்தான் அதில் நிம்மதி. அன்றியும், 1812-இல் மோஸ் என்பவர் கனிமங்களின் கடினத்தைப் பத்துப் படியாக வகுத்தார். மாக்கல் ஒன்று, வெங்கச்சங்கல் ஏழு, குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. வெங்கச்சங்கல்லால் கீறினால் கண்ணாடி கீறப்படும், மாணிக்கம் கீறப்படாது. ஜோசியன் முன்னாலேயே கீறிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அவன் முகம் போகும் போக்கைக் கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு ஜாதி வேண்டாம், மந்திரம் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். உங்கள் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில், அதை எடுத்தால் ஊற்றுநீர் என்னவாகும், தோண்டிய குழியை யார் மூடுவது என்று கருத்துக் கேட்புக் கூட்டங்களில் எழுந்து கேளுங்கள். கேட்பதற்கு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தைகளைத்தான் இன்று சொன்னோம். தாய்மார்களே! மோதிரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் உங்கள் பெண்பிள்ளையை நிலவியல் படிக்க வையுங்கள். நாளைக்கு இந்நிலத்தில் துளையிட்டுப் பார்த்துக் கணக்குச் சொல்லுகிறவள் நம் கிராமத்துப் பெண்ணாக இருக்கட்டும். அப்போது ஜோசியனும் ஏமாற்ற முடியாது, அதிகாரியும் ஏமாற்ற முடியாது.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி, வெளிச்சத்தில் வைத்து, கீறிப் பார்த்து, பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.