வாய்க்காலான ஆறும் வழி தவறிய மீன்களும்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மாலைக் கூட்டத்தில் எங்கள் வட்டமும் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று கேட்டபோது, பங்கின் பழைய வரலாற்றைப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அதைப் பெரியவர்கள் காலையிலேயே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டு நாங்கள் கூடிப் படித்து, வாதாடி, ஓரிரு நாள் கோபித்துக்கொண்டு எழுந்துபோன ஒரு விஷயத்தையே உங்கள் முன் வைக்கிறோம். அது ஓர் ஆற்றின் கதை. கடல் கடந்த நாட்டு ஆறு. விருந்துக்கு நேரமாகுமே என்று பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. ஆறுதான் நீளம், உரை அவ்வளவு நீளமில்லை.

அமெரிக்க நாட்டின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய விரல்போல் கிடக்கும் மாநிலம் ஃபுளோரிடா. அதன் நடுப்பகுதியில் கிஸ்ஸிம்மி என்ற ஏரியில் புறப்பட்டு, தெற்கே ஓக்கிசோபி என்ற மாபெரும் ஏரியில் போய்ச் சேருவது கிஸ்ஸிம்மி ஆறு. நேராகப் போனால் 90 கிலோமீட்டரில் முடிந்துவிடும் தூரத்தை, அந்த ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து கடந்தது. நிலம் அத்தனை சமதளம். மழைக்காலத்தில் நீர் கரை மீறி இருபுறமும் பரவும். ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குச் சதுப்பு நிலம் நிரம்பி நிற்கும். பல மாதம் நின்று, பிறகு மெல்ல மெல்ல ஆற்றுக்கே திரும்பும். வெள்ளம் என்றால் நமக்குச் சேதம்தான் நினைவுக்கு வரும். அந்த ஆற்று மீனுக்கோ வெள்ளம்தான் விளைச்சல் காலம்.

அது எப்படி என்று எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. அங்கே பேர்பெற்ற நாட்டு மீன் பெருவாய் பாஸ் என்பது. தூண்டிலுக்கு வீரமாக இழுக்கும் மீன். ஆண் மீன் திடமான தரையில் வாலால் குழி பறித்து, பெண் மீன் இட்ட முட்டைகளுக்குக் காவல் நிற்கும். பொரித்த குஞ்சுகளையும் சில நாள் காக்கும். நம்மூர் விரால் தன் குஞ்சுகளைக் காப்பதைக் குளத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காவல் முடிந்ததும் குஞ்சுகள் எங்கே போகும்? ஆற்றின் நடு நீரோட்டத்தில் நின்றால் பெரிய மீனுக்கு இரையாகும். வெள்ளம் பரவிய புல்வெளியில்தான் ஒளிய இடமும், தின்னப் பூச்சி புழுக்களும் உண்டு. நீர் வடியும்போது வளர்ந்த குஞ்சுகள் ஆற்றுக்கு இறங்கும். சூரியமீன் என்று அவர்கள் அழைக்கும் சிறு மீன்களுக்கும் இதே கதைதான். ஆக, மீன் வாழ்வது ஆற்றில் என்றாலும் வளர்வது கரைக்கு வெளியே.

1947-ஆம் ஆண்டு இரண்டு பெரும் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஃபுளோரிடாவின் நடுப்பகுதியும் தென்பகுதியும் வெள்ளக்காடாயின. வீடும் மேய்ச்சல் நிலமும் இழந்த மக்கள், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அரசிடம் முறையிட்டார்கள். மறு ஆண்டே அந்தப் பகுதிக்கென ஒரு பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு அமெரிக்கப் பாராளுமன்றம் அனுமதி தந்தது. 1954-ல் கிஸ்ஸிம்மி ஆறும் அதில் சேர்க்கப்பட்டது. 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படையினர் ஆற்றின் நடுவே நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். 30 அடி ஆழம், சுமார் 300 அடி அகலம், 90 கிலோமீட்டர் நீளம். இடையிடையே ஆறு மதகுக் கட்டுமானங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்தார்கள்; பழைய வளைவுகள் சில அந்த மண்ணுக்கு அடியில் புதைந்தன. புதிய கால்வாய்க்கு இட்ட பெயர் சி-38. ஓர் ஆற்றின் பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைத்தது எங்களில் சிலருக்கு மிகவும் உறுத்தியது. அவ்வூர்க்காரர்கள் அதை ஆறு என்று சொல்லவேயில்லை. வெறும் 'வாய்க்கால்' என்றார்கள்.

இங்கேதான் எங்களுக்குள் முதல் சண்டை. இளைஞர்கள் பொறியாளர்களைத் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் வட்டத்தில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். "தம்பி, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவன் கேட்டான், அவர்கள் வெட்டினார்கள். நீ அங்கே இருந்திருந்தால் மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போயிருப்பாய்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் எண்ணுகிறோம். வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்ட வேலையை நேர்த்தியாகச் செய்தார்கள். மீனின் சார்பில் கேட்க அந்த நாளில் அதிகம் பேர் இல்லை.

பலன் விரைவில் தெரிந்தது. 12,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம் காய்ந்து போனது. குளிர்காலத்தில் வந்து தங்கிய வாத்தினங்களில் பத்தில் ஒன்பது பங்கு வராமல் நின்றன. பழைய வளைவுகள் துண்டுபட்ட குட்டைகளாயின. ஓட்டமில்லாத நீரில் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்டது. ஆகாயத்தாமரையின் குணத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அழுகி அடியில் கரிய சேறாகப் படிந்தது. முட்டையிட வேண்டிய மணல் தரை சேற்றின்கீழ் போயிற்று. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்தது. பெருவாய் பாஸும் சூரியமீனும் அருகின. மிஞ்சி நின்றவை கார், போஃபின் என்ற இரண்டு வகை மீன்கள். இவை மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடக் கூடியவை. வற்றும் குட்டையில் மற்ற மீன் செத்து மிதக்க, விராலும் தேளியும் மட்டும் பிழைத்துக் கிடக்குமே, அதுபோல.

எங்களில் மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் அப்போது ஒரு கேள்வி கேட்டார். "மீன் குறைந்தால் குஞ்சு வாங்கி விட வேண்டியதுதானே? நம் அணையில் விடுகிறார்களே?" நல்ல கேள்வி. பல வாரம் அதிலேயே நின்றோம். முட்டையிடத் தரை இல்லை, குஞ்சுக்கு ஒளியப் புல் இல்லை, மூச்சுக்கு வாயு இல்லை. அந்த நீரில் ஆயிரம் குஞ்சு விட்டாலும் லட்சம் விட்டாலும் அவை அந்தத் தலைமுறையோடு சரி. மீனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆற்றைக் கொண்டுவர வேண்டுமானால் வெள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து வெட்டிய ஊரிலேயே!

இதைத்தான் அவர்கள் செய்தார்கள். கால்வாய் வெட்டி முடியும் முன்பே எதிர்ப்புக் குரல் எழுந்துவிட்டது. 1976-ல் மாநிலச் சட்டமன்றம் கிஸ்ஸிம்மியை மீட்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1983-ல் ஆளுநர் பாப் கிரஹாம், தெற்கே உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தைக் காக்கும் திட்டத்தை அறிவித்தபோது இந்த ஆற்றையும் சேர்த்துக்கொண்டார். 1984 முதல் சோதனை. கால்வாயின் குறுக்கே மூன்று தடுப்புகள் போட்டு, நீரைப் பழைய வளைவுகளுக்குள் திருப்பிப் பார்த்தார்கள். பல ஆண்டு காய்ந்து கிடந்த நிலத்தில் நீர் ஏறியதும், மண்ணுக்குள் கிடந்த சதுப்புச் செடி விதைகள் முளைத்துவிட்டன. யாரும் விதைக்கவில்லை. இந்த இடத்தை வாசித்த அன்று எங்கள் கூட்டம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக நடந்தது.

தடுப்பு மட்டும் போதாது, கால்வாயையே மண் போட்டு மூட வேண்டும் என்று தெரிந்தது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஆற்றின் மாதிரியைச் செய்து, நீரை ஓடவிட்டுப் பரிசோதித்தார்கள். 1992-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அனுமதி தந்தது. வேலையைச் செய்தது வேறு யாருமல்ல, முன்பு வெட்டிய அதே ராணுவப் பொறியாளர் படையும், மாநிலத்தின் தென்பகுதி நீர் நிர்வாகத் துறையும்தான். 1999 ஜூன் மாதம் தொடங்கினார்கள். கரையில் குவித்திருந்த பழைய மண்ணையே தள்ளிக் கால்வாயை மூடினார்கள். புதைந்துபோன வளைவுகளை மீண்டும் தோண்டி இணைத்தார்கள். மதகுகளில் இரண்டை இடித்தார்கள். 2021-ல் வேலை முடிந்தது. 35 கிலோமீட்டர் கால்வாய் மூடப்பட்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஆறு மறுபடி வளைந்து ஓடுகிறது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் சதுப்பு நிலம் திரும்பியது.

செலவைக் கேட்டால் திகைப்பீர்கள். வெட்ட ஆனது மூன்று கோடி டாலருக்குச் சற்று மேல். மூட ஆனது ஏறத்தாழ நூறு கோடி டாலர். காலம் மாறிப் பணத்தின் மதிப்பும் மாறியது உண்மைதான். ஆயினும் செலவு மண் தள்ளுவதற்கு மட்டும் அல்ல, நிலம் வாங்குவதற்கும். கால்வாய் வந்தபின் உலர்ந்த நிலத்தில் மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். நிலம் மறுபடி நீரில் மூழ்கும் என்றால் அவர்களுக்கு ஈடு தர வேண்டாமா? ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்க வேண்டியதாயிற்று. இதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மீனுக்காக மனிதனை விரட்டினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்ததாக எங்களுக்குப் படுகிறது. நிலத்தைப் பிரிந்த குடும்பங்களுக்கு அது எத்தனை கசப்பு என்பதைப் பணம் மட்டும் ஈடு செய்திருக்காது என்று எங்கள் வட்டத்துத் தாய்மார்கள் சொன்னதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மீன் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஓட்டம் திரும்பியதும் அடியில் கிடந்த கரிய சேறு அடித்துச் செல்லப்பட்டு மணல் தெரிந்தது. வளைவுகளின் உட்புறம் மணல் திட்டுகள் தாமே உண்டாயின. நீரில் பிராணவாயு கூடியது. மீன் கூட்டத்தில் நூற்றுக்கு 38 பங்காக இருந்த பெருவாய் பாஸும் சூரியமீன்களும் 63 பங்காயின. நாரை, கொக்கு, வாத்தினங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்து இறங்கின.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆற்றின் மேற்கோடியும் கீழ்க்கோடியும் இன்றும் கால்வாய்தான். அங்கே ஊர்களும் வீடுகளும் உள்ளன. மூடினால் மக்கள் மூழ்குவார்கள். மீண்டு வந்த சதுப்பு நிலத்தில் அயல்நாட்டுப் புல் வகைகள் புகுந்துகொண்டு நாட்டுச் செடிகளை நெருக்குகின்றன. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக நாம் விடுகிறோமே, அந்தக் கவசம் போர்த்த கெளுத்தி, அதுவும் அந்த ஆற்றில் பெருகிக் கரைகளைக் குடைந்து வளை பறிக்கிறது. சென்னைப் பக்கத்து நீர்நிலைகளிலும் அதே மீன் வலையில் வருகிறது. வளர்த்துச் சலித்த தொட்டி மீனைக் கிணற்றிலோ குளத்திலோ விடுவது இரக்கம் என்று நினைக்கும் பிள்ளைகள் நம் பங்கிலும் உண்டு, பெற்றோர் கவனிக்கவும்.

இன்னொன்று. ஆறு வளைந்து ஓடினாலும் அதற்கு நீர் தருவது மேலே உள்ள ஏரிகள். ஏரி வாயிலில் எஸ்-65 என்ற மதகு இன்றும் நிற்கிறது. அதைத் திறப்பதும் மூடுவதும் மனிதர்கள். முன்பு மழைக்காலத்தில் ஏறிய நீர் பல மாதம் நின்று மெல்ல வடியும். இப்போது சில ஆண்டுகளில் சட்டென்று ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது. நீர் வேகமாக இறங்கினால் புல்வெளிக்குப் போன குஞ்சுகள் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஏரிகளில் முன்னைவிடக் கூடுதலாக நீரைத் தேக்கி, பழைய கணக்குப்படி மெல்ல விட வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. அதற்காகவே ஏரிக்கரை நிலங்களையும் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வட்டத்துப் பொதுப்பணித் துறை ஐயாவிடம் இதைச் சொன்னபோது, அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மதகுச் சாவி கையில் இருந்த நாளில் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். மீன்குஞ்சுக்கு எத்தனை நாள் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை" என்றார்.