கருத்தரிக்கத் தாமதமும் சூலக நோயும்

மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குச் செல்லும் பாதையிலே, களப்பின் ஓரத்திலே உள்ள மீனவர் ஊர் பனிச்சங்கேணி. அத்தகைய ஊர்களிலே மணமாகி இரண்டாண்டு கழிந்தும் கருத்தரியாத பெண்ணுக்கு ‘மலடி’ என்னும் பெயர் எளிதிலே வந்து சேர்ந்துவிடுகிறது. மட்டக்களப்பு நாட்டு வழக்கப்படி பெண் பெரும்பாலும் தாய்வீட்டை அண்டியே குடியிருக்கிறாள். ஆதலால் மாமியின் ஏச்சுக் குறைவு. ஆயினும் தாயின் பெருமூச்சை நாள்தோறும் கேட்கவேண்டும்; அது ஏச்சிலும் கொடிது.

இப்பெண்களுள் ஒரு பகுதியினருக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும். முகத்திலே மயிர் அரும்பும். கழுத்து மடிப்புக் கறுக்கும். சூலகத்திலே முட்டைகள் முதிரத் தொடங்கி, முதிராமலே சிறு சிறு நீர்ப்பைகளாக நின்றுவிடுகின்றன. முட்டை இல்லை என்பதன்று குறை. அது வெளிவருவதில்லை என்பதே குறை. கம்பஹா மாவட்டத்திலே நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, 15 முதல் 39 வயது வரையான பெண்களிலே நூற்றுக்கு ஆறு பேருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. ஆகவே இஃது அரிய நோயன்று.

1935இலே சிக்காகோ நகரத்து வைத்தியர்களான ஸ்டெயின், லெவென்தால் ஆகிய இருவர் ஏழு பெண்களின் சூலகங்களிலே ஒரு துண்டை வெட்டி நீக்கினர். எழுவருக்கும் மாதவிடாய் ஒழுங்குற்றது, இருவர் கருவுற்றனர். இன்று கத்தி முதல் வழியன்று. உடற்பருமன் உள்ளவர் தம் எடையிலே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே, சிலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். சோற்றைக் குறைத்துக் களப்பு மீனையும் கீரையையும் கூட்டுவது அவ்வூராருக்கு இயலாத காரியமன்று. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களைப் பட்டினி போடுதல் மடமை.

அடுத்தது குளிசை. 750 பெண்களை வைத்து அமெரிக்காவிலே நடந்து 2014இலே வெளியான சோதனையிலே, பழைய மருந்தாகிய குளோமிபீன் உண்டவர்களுள் நூற்றுக்கு 19 பேரும், லெட்ரோசோல் உண்டவர்களுள் 27 பேரும் குழந்தை பெற்றனர். இதனாலே லெட்ரோசோலே இன்று முதல் மருந்து. மாதவிடாயின் தொடக்க நாட்களிலே ஐந்து நாள் உட்கொள்வது அது. மார்புப் புற்றுநோய்க்காக முதலிலே ஆக்கப்பட்டமையால், பெட்டியிலுள்ள தாளைப் படித்துப் பெண்கள் நடுங்குவதுண்டு. அச்சம் வேண்டியதில்லை, ஆனால் கருவுற்றிருக்கவில்லை என்று உறுதிசெய்து, வைத்தியர் சொற்படியே உண்ணவேண்டும். கடையிலே தானாக வாங்கி உண்பது தவறு. நீரிழிவு மருந்தாகிய மெட்போமினையும் சிலருக்குச் சேர்த்துக் கொடுப்பர்.

குளிசை பலிக்காதவிடத்து ஊசி மருந்தோ, துளைக்கருவி வழிச் சூலகச் சிகிச்சையோ உண்டு. ஊசியினாலே இரட்டைக் கருவும் சூலக வீக்கமும் நேரலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடவேண்டும். பெருஞ்செலவுடைய சோதனைக்குழாய் முறை கடைசிப்படி. முதற்படியிலே கால் வைக்குமுன்பே அதற்காகக் காணியை ஈடுவைப்பாரும் உளர்!

இவற்றுக்கெல்லாம் முன்னே, கணவனின் விந்தையும் பரிசோதித்தல் வேண்டும். ஆண்கள் இதற்கு இலகுவிலே இணங்குவதில்லை. மனைவியோ மாதக்கணக்கிலே மருந்து உண்கிறாள். மாதவிடாய் ஒழுங்கற்றவர் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஊர் மருத்துவமாதிடம் சொன்னால், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல வழிகாட்டுவார். கரு தங்கிய பின்னரும், இந்நோய் இருந்ததை முதற் கிளினிக்கிலேயே தெரிவித்து இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பகால நீரிழிவு இவர்களுக்கே மிகுதியாக வருகிறது.